விட்டுப்போன நடுக்குரல்

பவளத்துறை என்கிற எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களும், போய் வந்தவர்களின் மீனை விற்கிறவர்களும், உப்பளத்தில் எடை பார்க்கிறவர்களும் சேர்ந்து ஒரு வாத்தியக் குழு வைத்திருந்தார்கள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் பேண்ட் செட்டா என்று கேட்பார்கள். பேண்ட் செட் இல்லை, வயலினும் வயோலாவும் செல்லோவும் கிளாரினெட்டும் ஹார்னும் வைத்துக்கொண்டு அரைவட்டமாக உட்கார்ந்து ஊரில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் வாசிக்கிற சிம்பொனி. அந்தக் குழுவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சிம்பொனிதான். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து, இங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துபோன இத்தாலியப் பாதிரியார் ஒருவர் இந்த ஊருக்கென்றே எழுதிவைத்துவிட்டுப் போனது. மாதா திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் பங்குப் பள்ளிக்கூடத்து ஹாலில் அதை வாசித்தால்தான் மறுநாள் தேர் நகரும் என்பது பேச்சு.

முதல் வயலினில் முதல் நாற்காலி செலஸ்தீனா டீச்சருக்கு. பாட்டின் மெட்டு முழுக்க அவள் வில்லில்தான் நடந்து போகும். வீட்டில் ஒரு பியானோ வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் புருஷன் வலேரியன், கடற்கரை ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூறுகிறவர், விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் "ஒருதரம்!" என்று குரல் எடுத்தால் கரைக்கு இன்னும் வந்து சேராத வள்ளங்களில் இருப்பவர்களுக்கும் கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை உள்ள மனிதர் குழுவில் வாசித்தது வயோலா. அது வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் தடிப்பு. மெட்டை எடுத்துப் போவது வயலின், அடியில் தாங்குவது செல்லோ, இரண்டுக்கும் நடுவில் யார் காதிலும் தனியாக விழாமல் நிரவிக்கொண்டே இருப்பது வயோலா. குழுவில் வயோலா அவர் ஒருவர்தான். ஏன் இதைப் பிடித்தீர்கள் என்று கேட்டால், "காலையில பூரா கத்துதேன், சாயங்காலமாவது யாருக்கும் கேக்காம இருப்போமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

சென்னையில் இருந்த ஒரு சங்கீத சபை செலஸ்தீனாவைப் பியானோ வாசிக்கக் கூப்பிட்டபோது, எங்கள் ஊர் சிம்பொனியை வாசிக்கிறேன் என்று அவள் சொன்னாள். போனில் பேசிய செயலாளர், எத்தனை பேருக்கு நாற்காலி போடவேண்டும் என்று கேட்டார். "ஒரு ஸ்டூல் போதும்" என்றாள். அந்த ஆசை அவளுக்கு வெகுகாலமாக இருந்தது. முதல் நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு மெட்டு மட்டும்தான் கைக்கு வந்தது, பக்கத்தில் எழும்பிய மற்றதெல்லாம் மற்றவர்களுடையதாக இருந்தது, ஒரே ஒரு தரமாவது அது முழுவதும் தன் பத்து விரலுக்குள் வந்து உட்காரவேண்டும் என்று அவள் நினைத்தாள். அதில் தப்பு என்ன என்று நாங்களும் நினைத்தோம்.

தவக்காலம் தொடங்கும்போது வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு வாத்தியத்தின் சுரத்தாளையும் பியானோவின் மேல் பரப்பிவைத்துக்கொண்டு, யாருடைய மூச்சை எந்த விரலுக்குக் கொடுப்பது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் எஸ்தாக்கி ஹார்னில் நீளமாகப் பிடிக்கிற ஒரு சுரத்தைப் பியானோவால் பிடிக்க முடியாது, தட்டியதும் அது செத்துக்கொண்டே போகும் என்பதால், அதை இரண்டு விரலால் நடுங்கவைத்து உயிரோடு நிறுத்தினாள். முரசை இடது கைச் சுண்டுவிரலுக்குக் கொடுத்தாள். தையல்காரர் கஸ்பார் கிளாரினெட்டில் வளைந்து வளைந்து போகிற இடத்தை வலது கைக் கட்டைவிரலில் மடக்கி வைத்தாள். செல்லோ இறங்கும்போது மெட்டு ஏறுவதால் கைகள் பிய்ந்துபோகிற மாதிரி விரிந்தன, அதற்கும் பழகினாள். கடைசியில் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தபிறகு வயோலா மட்டும் வெளியே நின்றது. அங்கே நுழைத்துப் பார்த்தாள், இங்கே நுழைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் வேறு யாரையோ அது இடித்தது. பாதி இடங்களில் அது செல்லோ சொன்னதையே மேலே நின்று சொல்லிக்கொண்டிருந்தது, மீதி இடங்களில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப. யாருக்குக் கேட்கப்போகிறது என்று அதை விட்டாள்.

அவர்கள் வீட்டுப் பியானோ சுவரோடு ஒட்டிப் போட்டது. வாசிக்கிறவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும், பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வலேரியன் அவள் முதுகோடு பேசிக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அன்றும் அவர் கேட்டார்: "என்ன, எல்லாரும் உள்ள வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றாள் அவள், திரும்பாமல்.

மறுநாள் காலை ஏலக்கூடத்தில் ஒரு பெரிய சீலா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலேரியன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, "ஒருதரம்" என்று சொல்கிறார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது, கேட்கத்தான் இல்லை. மீனைத் தரையில் போட்டார், அதுவும் சத்தமில்லாமல் விழுந்தது. காலை ஓங்கித் தரையில் மிதித்தார், தண்ணீர்தான் தெறித்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மணியடித்துக்கொண்டே போயும் யாரும் விலகவில்லை. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒரு குறையும் இல்ல. அவரு பேசத்தான் செய்யுறாரு. நமக்குக் கேக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லி, இருக்கட்டும் என்று இருமல் மருந்தும் எழுதிக்கொடுத்தார்.

காரணம் மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. கஸ்பார் தான் தைத்த சட்டையைக் கொடுக்க வந்தவர் பியானோ மேலிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, "டீச்சர், வயோலாவ விட்டுட்டியளே" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் எதுவும் ஆராயவில்லை. ஒரு மனுஷனைப் பாட்டிலிருந்து எடுத்தால் அவன் சத்தம் போய்விடும் என்பது, உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதைப்போல எங்களுக்குப் பட்டது.

பிறகு நாங்கள் அதற்குப் பழகினோம். ஏலத்துக்கு வேறு ஆள் போடலாம் என்று சங்கத்தில் ஒரு பேச்சு வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. வலேரியனின் உதட்டைப் பார்த்தால்தான் விலை தெரியும் என்பதால் ஏலக்கூடத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். கூச்சலும் வசவும் எச்சில் துப்பலுமாக இருந்த இடம் பூசை நேரத்துக் கோவில் மாதிரி ஆயிற்று, அலை வந்து படிக்கட்டில் மோதுவது அங்கே முதல்முதலாகக் கேட்டது. மீன்காரிகள் ஒரு மாதத்துக்குள் அவர் வாயைப் பேப்பர் படிக்கிற மாதிரி படித்தார்கள். அதிலும் சலேத் என்கிற மீன்காரி, அவர் பாதி உதட்டைத் திறப்பதற்குள் முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுவாள். கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளைகள் அவரைத் தங்கள் கட்சிக்கு இழுத்தார்கள். மனசில் பாரம் உள்ளவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் கேட்டார், யோசித்தார், பதிலும் சொன்னார், போனவர்கள் அவர் வாயைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிம்மதியாக எழுந்து வந்தார்கள். எங்களில் அப்படிப் போகாதவர்கள் குறைவு. அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

செலஸ்தீனா அந்த நாட்களில் என்ன நினைத்தாள் என்றால், சென்னை முடியட்டும், வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். வலேரியனும் அவளோடு ரயிலேறினார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. சென்னை ஹாலில் அவள் தனியாக உட்கார்ந்து பவளத்துறையின் சிம்பொனியை முழுக்க வாசித்தாள். பத்து விரலில் ஓர் ஊரே எழுந்து வந்தது என்று பேப்பரில் எழுதினார்கள். முடிந்ததும் ஹால் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அவள் குனிந்து நிமிர்ந்தபோது முதல் வரிசையில் வலேரியன் தெரிந்தார். மற்ற எல்லாரையும்விட அவர்தான் பலமாகத் தட்டினார்; தலைக்கு மேல் கையைத் தூக்கி, உள்ளங்கை சிவக்கிற மாதிரி, விடாமல். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்த இரண்டு கைகள் மட்டும் சத்தமில்லாமல் மோதிக்கொண்டிருந்ததை அவள் மேடையிலிருந்து பார்த்தாள். அங்கேதான் அவளுக்கு உறைத்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எழுதிய தாள்களை அடுப்பில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை, பாட்டு விரலுக்குள் போய்விட்டிருந்தது. பிறகு மறுபடி எழுத உட்கார்ந்தாள். வயோலா உள்ளே வரவேண்டுமானால் யாராவது வெளியே போகவேண்டும் என்பது இந்தத் தடவை அவளுக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரிந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் நான் போகிறேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துபோனார்கள். எஸ்தாக்கி ஒரு பெட்டி ஐஸில் இறால் வைத்துக் கொண்டுவந்து, வெகுநேரம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, "எம்மக இப்பதான் அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கா டீச்சர். நான் என்னன்னு கேக்கணும்லா" என்றார். கஸ்பார் அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டு வந்தார், அவள் கேட்கவே இல்லை. "என் கிளாரினெட்டு கொஞ்சம்தானே வருது, அது யாருக்கு இடைஞ்சல்" என்று மட்டும் சொன்னார்.

யாரை எடுப்பது என்று புருஷனிடமே கேட்கலாம் என்று செலஸ்தீனா அப்போதுதான் திரும்பினாள். திரும்பிய பிறகு ஒரு விஷயம் தெரிந்தது: ஊரில் எல்லாருக்கும் அவர் வாயைப் படிக்கத் தெரிந்திருந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் அதுநாள்வரை அவரைக் காதால் மட்டுமே அறிந்திருந்தாள். பேசும்போது அவர் மேலுதடு இடப்பக்கம் ஏறும் என்பதை அன்றைக்குத்தான் கண்டாள். அவர் ஏதோ சொன்னார், அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார், அதுவும் விளங்கவில்லை. தெருவில் கூடையோடு போய்க்கொண்டிருந்த சலேத்தைக் கூப்பிட்டாள்.

சலேத் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணாச்சி, சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். சலேத் சொல்லத் தயங்கினாள்.

"என்ன சொல்லுதாரு சலேத்?"

"யாரையும் எடுக்காண்டாம்னு சொல்லுதாவ டீச்சர்."

"வேற என்னமோ சொன்னாரே. நீளமா சொன்னாரே."

சலேத் அவரைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். "வயோலாவ விடலாமான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே விடுன்னு சொல்லிருப்பேன்னு சொல்லுதாவ."

சலேத் கூடையைத் தூக்கிக்கொண்டு, விற்காத மீனோடு, அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்னும் ஒருவர் பாக்கியிருந்தார், அது செலஸ்தீனாவுக்குத் தெரியும். முதல் வயலின். தன்னுடைய மெட்டை எடுத்துவிட்டால் வலது கையில் தாராளமாக இடம் இருந்தது, வயோலா கைகாலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். ஒருநாள் காலையில் வீட்டுவேலையெல்லாம் முடித்து, தலை சீவி, வெளியூர் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்தாள். மெட்டு இருந்த இடத்தில் முதல் பக்கம் முழுக்கக் கோடு போட்டு அடித்தாள். இரண்டாவது பக்கத்திலும் பாதிவரை அடித்தாள். அப்புறம் சாவிக்கட்டைகளைப் பார்த்தாள். இனி அவள் எதைத் தொட்டாலும் சத்தம் வராது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, வயலினை எடுத்தால் வில் வெறுமனே போய்வரும், சென்னையில் கேட்ட அந்தக் கைதட்டலுக்கு இனி வேலை இல்லை. அவள் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து, போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். வலேரியன் பின்னால் பிரம்பு நாற்காலியில்தான் இருந்தார். எந்த நேரத்திலிருந்து இருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது, அவர் வருவதுதான் கேட்காதே. அழித்து முடித்துத் திரும்பினபோது அவர் எழுந்து வந்து, தாளில் கிடந்த ரப்பர் தூளைப் புறங்கையால் தட்டிவிட்டு, உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

இதை அவளே பிற்பாடு எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, வேறொரு பெண்ணின் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதைக் கேட்டவர்களில் யாருக்கும் அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் என்ன, நான் போகிறேன் என்று சொன்னவர்களா?

அடுத்த திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் வேறொன்று செய்தாள். சிம்பொனியை முழுக்க ஒதுக்கிவைத்துவிட்டு, வயோலாவின் வரியை மட்டும் பியானோவுக்கு எழுதினாள். தனியாக எடுத்தால் அது பாட்டாகவே இல்லை. ஒரே சுரம் திரும்பத் திரும்ப, பிறகு ஒரு மௌனம், பிறகு மூன்று சுரம், பிறகும் மௌனம், இல்லாத யாருக்கோ ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதைப்போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதை வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது சுரத்திலோ ஐந்தாவது சுரத்திலோ பின்னால் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏளா" என்று அவளைக் கூப்பிட்டார் வலேரியன்.

அந்தக் குரல் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள், வீட்டுக்குள் இருந்தவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செலஸ்தீனாவின் வீடு தேர்நாள் மாதிரி நிறைந்துவிட்டது. அவள் வாசித்தவரை அவர் குரல் கேட்டது. வயோலாவுக்கு மௌனம் வந்த இடத்திலெல்லாம் அவர் வாக்கியமும் நடுவில் அறுந்து, சுரம் தொடங்கியதும் தொடர்ந்தது. எஸ்தாக்கி தன் மகளைத் தூக்கிக் காட்டி, ஒரு ஏலம் கூறுங்க அண்ணாச்சி, பிள்ள கேட்டதே இல்ல என்றார், அவர் பிள்ளையைக் கையில் வாங்கி, "அருமையான சீலா, ஒருதரம்!" என்று கூறினார், வீடே சிரித்தது. அவர் ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளையின் பேரைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். மனப்பாரத்தோடு அவரிடம் போனவர்கள், அன்னைக்கு நீங்க என்ன சொன்னிய, என்ன சொன்னிய என்று முண்டியடித்தார்கள். செலஸ்தீனா சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொருவர் பேராகச் சொல்வது அவளுக்குக் கேட்டது. தன் முறை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரி முடியப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. கடைசிச் சுரங்களில் அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் வழி விடுங்கய்யா, அவளுக்குக் காத்தே வரல."

மறுநாள் விடிந்ததும் வாசலில் கூட்டம் நின்றது. பியானோவை வண்டியில் ஏற்றி ஏலக்கூடத்துக்கே கொண்டுபோகலாம் என்று சங்கத்துத் தலைவரும் வந்திருந்தார். செலஸ்தீனா மூடியைத் திறந்தாள். வலேரியன் வந்து மூடினார். அவள் மறுபடி திறந்தாள். அவர் மறுபடி மூடி, ஸ்டூலை அவளோடு சேர்த்துத் தன் பக்கமாகத் திருப்பினார், எதிரில் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு முட்டி இடிக்க உட்கார்ந்தார்.

"சலேத்தக் கூப்பிடவா?" என்றாள்.

வேண்டாம் என்று தலையாட்டினார். அது அவளுக்கே புரிந்தது. எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவர் குரலை அதற்குப்பிறகு நாங்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் கலைந்து போனோம்.

அன்றிலிருந்து அவள் படிக்கப் பழகுகிறாள். வயசான பிறகு எழுத்துப் படிக்கிறவர்களைப்போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக. தண்ணீர் என்றால் வெந்நீர் கொண்டுவருவாள், போவோமா என்றால் பூவா என்பாள். அவர் திருத்துவதில்லை, அவள் எதைக் கொண்டுவருகிறாளோ அதுதான் வேண்டும் என்று கேட்டதைப்போல வாங்கிக்கொள்வார்.

இந்த வருஷத் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்தபிறகு கோவில் முற்றத்தில் அசனம் என்கிற ஊர்ச்சாப்பாடு நடந்தது. ஊரே எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே. சோறு விழுந்து, குழம்பு விழுந்து, எல்லாரும் கைவைத்துவிட்டோம். வலேரியன் கைவைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்ததும், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "உம்மேல எனக்குக் கோவமே இல்ல" என்றார். அவள் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைப் படித்தோம். செலஸ்தீனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். 'உ' என்று குவிந்து மூடிய அந்த முதல் உதட்டசைவு மட்டும்தான் அவளுக்குப் பிடிபட்டது. முகம் மலர்ந்து, தன் இலை ஓரத்திலிருந்த உப்பைக் கிள்ளியெடுத்து, எட்டி அவர் இலையில் வைத்தாள்.

சலேத் பாதி எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். வலேரியன் உப்பைப் பார்த்தார், தலையை ஆட்டினார், குழம்பே கரிக்கிற அந்தச் சோற்றில் அதையும் போட்டுப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.